கதவடிக் கதிரை

போன கிழமை துவாரகா தொலைபேசி எடுத்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஒபிஸில் ஒலிப் பகுதியைப் பார்ப்பவள் அவள்தான். சுகம் கேட்டாள், முழங்கால் நோ எப்படி என்று கேட்டாள், உங்கள் பக்கம் மழை பெய்ததா என்றும் கேட்டாள். ஒபிஸ் உடுவிலில், என் வீடும் உடுவிலில். இடையில் இரண்டு ஒடுங்கின ஒழுங்கைதான். அங்கே பெய்தால் இங்கேயும் பெய்யும். பிள்ளை எதையோ கேட்கத் தயங்குகிறது என்று விளங்கிவிட்டது. சுத்தி வளைக்காமல் விசயத்தைச் சொல்லும் என்றேன்.

"சவுண்ட் ரூமைப் புதுசாச் செய்யப் போறம் அக்கா. அதுக்குள்ளை கதவடியிலை ஒரு பழைய கதிரை கிடக்கெல்லோ? இப்ப ஒருத்தரும் அதிலை இருக்கிறேல்லை. எடுக்கப் போனால், பவானி அக்காட்டைக் கேட்டிட்டு எடுங்கோ எண்டு ஜெசிந்தா அக்கா சொல்லுறா. எடுக்கலாமோ?"

எடுங்கோ என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் எழுதி அனுப்புகிறேன் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். உட்காருகிற ஒரு கதிரைக்குப் பக்கம் பக்கமாகப் பதில் எழுதுகிற மனுசி என்று ஒபிஸில் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. புதிதாய் வந்த விளையாட்டுக் கொன்சோல்கள் பலசாலிகள். முன்னர் நாங்கள் மண்டையை உடைத்துச் செய்ததை இப்போது கருவியே பார்த்துக்கொள்கிறது. அதனால் உங்களில் பலருக்கு அந்தக் கதிரையும் விளங்காது, அது வந்த வேலையும் விளங்காது. இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

என் வேலை என்னவென்று ஊரிலேயே பலருக்குத் தெரியாது. "கேம் விளையாடுறதுக்கோ உனக்குச் சம்பளம் தாறாங்கள்?" என்று என் மச்சாள் கடைசிவரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தாள். வெளிநாட்டில் பெரிய நிறுவனங்கள் பெரிய கருவிகளுக்கென்று விளையாட்டுகள் செய்கின்றன. அதில் பெய்கிற மழையில் ஒவ்வொரு துளியும் மின்னும். சனக்கூட்டத்தில் ஒவ்வொரு முகமும் வேறு வேறாக இருக்கும். அதே விளையாட்டைக் கையில் பிடிக்கிற சின்னக் கொன்சோலிலும் ஓட வைக்க வேண்டும். அதற்கு நினைவகம் குறைவு, வேகம் குறைவு, பற்றரியும் கொஞ்சம். ஒரு வீட்டுச் சாமானை ஒரு சைக்கிளில் கட்டிக்கொண்டு இடம்பெயர்ந்தவர்களுக்கு இந்த வேலை உடனே விளங்கும். எதை ஏற்றுவது, எதை விட்டுவிட்டுப் போவது, விட்டது தெரியாமல் எப்படிச் சமாளிப்பது என்பதுதான் முழு வேலையும்.

நான் இதற்கென்று படித்து வந்தவள் இல்லை. அப்பாவுக்கு யாழ்ப்பாணப் பட்டினத்தில் றேடியோ திருத்தும் கடை இருந்தது. மின்சாரம் இல்லாத காலத்தில் சைக்கிள் டைனமோவில் றேடியோ கேட்டவர்கள் நாங்கள். மிதிக்கிறவன் களைத்தால் செய்தி வாசிக்கிறவரும் சேர்ந்து களைப்பார். பலமில்லாத சாமானிடம் கெஞ்சி வேலை வாங்க அங்கேதான் பழகினேன். பிறகு கொழும்பு, ஒரு ஒலிப்பதிவுக் கூடம், மாலை வகுப்பில் கொம்பியூட்டர், ஒரு மென்பொருள் நிறுவனம் என்று காலம் ஓடிவிட்டது. சண்டை முடிந்து சில வருடங்களில், உடுவிலில் ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுத்து இப்படியொரு ஒபிஸ் தொடங்குகிறார்கள் என்று கேள்விப்பட்டுத் திரும்பி வந்தேன். யன்னலால் பார்த்தால் புகையிலைத் தோட்டம், உள்ளே நாங்கள்.

எங்களுக்குப் பொறுப்பாக இருந்தவர் மனோகரன் அண்ணை. காங்கேசன்துறை ஆள். தகப்பன் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். இளவயதில் சண்டையால் விட்டுவிட்டு வெளிக்கிட்ட வீட்டைத் தலை நரைத்த பிறகுதான் போய்ப் பார்த்தார். பார்ப்பதற்குச் சுவர்கூட மிஞ்சியிருக்கவில்லை என்று ஒரு முறை சொன்னார், அதற்கு மேல் சொல்லவில்லை. குரலை உயர்த்திக் கதைக்க மாட்டார். பக்கத்து மேசையில் இருக்கிறவருக்குக்கூட அவர் கதைப்பது கேட்காது. சாதாரண நேரத்தில் என்னை "நீர்" என்பார். கோபம் வந்தால் "நீங்கள்" ஆகிவிடும். "பவானி, நீங்களோ இதைச் செய்தது?" என்று மெல்லிய குரலில் கேட்டாரென்றால் எழுதினதை முதல் வரியிலிருந்து திரும்பப் பார்க்கத் தொடங்கிவிடுவேன்.

அவருடைய சோதனை முறை ஊர் உலகத்தில் இல்லாத முறை. சின்னக் கொன்சோல் சூடேறினால் தன்னைக் காப்பாற்றிக்கொள்வதற்காகத் தன் வேகத்தைத் தானே குறைக்கும். குளிரூட்டி போட்ட அறையில் வைத்துப் பார்த்தால் இது தெரியாது. ஆகவே சோதனை என்றால் முதலில் குளிரூட்டியை நிற்பாட்டுவார், அடுத்தது மின்விசிறி. "குளிருக்கை எந்த மெசினும் நல்ல பிள்ளைதான்" என்பார். கொன்சோலின் முதுகு இப்போதுதான் அயன் பெட்டியால் மினுக்கின சேட் மாதிரிச் சுடும்வரை ஒருவர் விளையாடிக்கொண்டே இருக்க வேண்டும். அதன் பிறகு ஆரம்பமாவதுதான் அவருக்குச் சோதனை. ஓட வேண்டும், சடாரென்று திரும்ப வேண்டும், வந்த வழியே பாய வேண்டும். திரும்பும்போதுதான் கருவி புதுக் காட்சியைத் தேடி அவசரப்படும். படம் ஒரு கணம் இடறினாலும் கண்ணுக்குத் தெரிவதற்கு முன்பே விரலுக்குத் தெரிந்துவிடும். ஒருவர் சரி என்றால் போதாது. வேறு இருவர் அதே இடத்தில் அதே ஓட்டம் ஓடிச் சரி என்று சொல்ல வேண்டும். அதற்குள் எங்கள் முதுகெல்லாம் வேர்வையில் ஒட்டிவிடும். மெசினோடு சேர்த்து எங்களையும் அல்லவா அவிக்கிறார் என்று ஜெசிந்தா முணுமுணுப்பாள்.

ஜெசிந்தா குருநகர்க்காரி. சோதிக்கிறவர்களுக்குத் தலைவி. அவள் கையில் ஒரு விளையாட்டைக் கொடுத்தால் எங்கே உடையும் என்று கண்டுபிடித்துவிட்டுத்தான் சோறு தின்பாள். கடலுக்குப் போகிற புருசன், படிக்கிற இரண்டு பிள்ளைகள். கடலில் மீன் படாத மாதங்களில் அந்த வீடு அவளுடைய சம்பளத்தில்தான் ஓடியது.

இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் எல்லாம் வந்து முட்டியது அதில்தான். எங்களில் வயதில் மூத்தவர்கள் எல்லோரும் ஹெட்போனை வலது காதில் மட்டும்தான் போடுவோம். இடது பக்கத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு அந்தக் காதைத் திறந்தே வைத்திருப்போம். மேசைகள் எல்லாம் வரிசையாக இருந்தன, யன்னல்கள் இடப்பக்கம். வலது காது வேலைக்கு, இடது காது யன்னலுக்கு. யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததல்ல. சண்டைக் காலத்தில் ஷெல் தூரத்தில் புறப்படும்போது வருகிற சத்தத்தைக் குத்துச் சத்தம் என்போம். அரிசி இடிக்கிற உலக்கை எங்கோ தூரத்தில் நிலத்தில் விழுந்த மாதிரி அடங்கிக் கேட்கும். அது கேட்டால், வந்து விழுவதற்குள் பங்கருக்குள் இறங்கலாம், அதுவும் இல்லாவிட்டால் நிலத்தில் குப்புறப் படுக்கலாம். அந்தச் சத்தத்துக்காக ஒரு காதை எப்போதும் வெளியில் வைத்துக்கொண்டே வளர்ந்தவர்கள் நாங்கள். சண்டை முடிந்துவிட்டது என்று புத்திக்குத் தெரியும். காதுக்கு யார் போய்ச் சொல்வது?

மற்றவர்களுக்கு அது பழக்கம். எனக்கு அது பயம். இரண்டு காதையும் மூடினால் எனக்கு மூச்சு முட்டும், உள்ளங்கை நனைந்துவிடும், முதுகுக்குப் பின்னால் ஏதோ நடக்கிறது என்று உடம்பு கத்தும். ஒலிப் பகுதிக்குப் பொறுப்பான பொம்பிளைக்கு ஹெட்போன் போடப் பயம் என்றால் கேட்கிறவன் சிரிக்க மாட்டானா? இரண்டு பக்கமும் கேட்டுப் பார்க்க வேண்டிய வேலைகளைத் திரையில் ஓடும் அளவுகளைப் பார்த்தே ஒப்பேற்றி வந்தேன். கொழும்பில் இருந்த எங்கள் மற்றக் கிளைக்கு ஒலி வேலையின் மேல் எப்போதும் ஒரு கண். என் பயம் வெளியே தெரிந்தால் அடுத்த கிழமையே வேலை அங்கே போய்விடும், நானும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தப் பயத்தை மறைக்கிறது இன்னொரு பயமாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்த விளையாட்டு வந்தது. முற்றுகைக்குள் அகப்பட்ட ஒரு நகரம். ஒரு தாய், ஒரு சின்ன மகள். விளையாடுகிற நாங்கள்தான் தாய். சந்தைக்குள் நிற்கும்போது ஷெல் விழும், சனம் சிதறி ஓடும், மகளின் கை விடுபட்டுவிடும். அழுகிற சத்தம் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று காதால் பிடித்து, அந்த ஒழுங்கைக்குள் ஓடிப் பிள்ளையைத் தூக்க வேண்டும். வழிகாட்டுகிற அம்புக்குறியும் இல்லை, வரைபடமும் இல்லை. பிந்தினால் அழுகை நின்றுவிடும். முதல் நாள் இதைப் பார்த்துவிட்டு ஜெசிந்தா கொன்சோலை மேசையில் குப்புற வைத்தாள். அதைச் செய்தவர்களை நினைத்து, "உவங்களுக்கு உது விளையாட்டு" என்று மட்டும் சொன்னாள்.

படத்தைச் சுருக்குவது பெரிய பாடாக இருக்கவில்லை. சந்தைச் சனத்தில் முக்கால்வாசியைக் குறைத்தோம். மிஞ்சினவர்களுக்குச் சட்டையை மாற்றி மாற்றிப் போட்டு ஓட விட்டோம். நிழல்களை எடுத்தோம். எரிகிற நகரம் என்பதால் புகை எங்களுக்குக் கைகொடுத்தது, தூரத்துக் கட்டடங்களை எல்லாம் அதற்குள் ஒளித்துவிட்டோம். முரண்டு பிடித்தது ஒலிதான். அந்தச் சின்னக் கருவி ஒரே நேரத்தில் கொஞ்சச் சத்தங்களைத்தான் எழுப்பும். சந்தையிலோ ஆயிரம் சத்தம். ஆகவே விளையாடுகிறவருக்குக் கேட்காத சத்தங்களைத் தேடி வெட்ட வேண்டும். ஒவ்வொரு சத்தமும் இந்தக் காதுக்கு எவ்வளவு கேட்கும், அந்தக் காதுக்கு எவ்வளவு கேட்கும் என்று கணம்தோறும் கணக்குப் பார்த்தால் கருவி திணறியது. மனோகரன் அண்ணையும் நானும் ஒரே மேசையில் இருந்து யோசித்தோம். ஒரு காதுக்குக் கணக்குப் பார்த்தால் போதும், அந்தக் காதில் கேட்காததை வெட்டலாம் என்று முடிவெடுத்து எழுதினோம். கருவி குதிரை மாதிரி ஓடியது. "கெட்டிக்காரி நீர்" என்றார். அவர் வாயால் அப்படி வருவது அபூர்வம், நான் அன்று முழுக்க மிதந்துகொண்டு திரிந்தேன்.

கொன்சோலைச் செய்கிற நிறுவனம் ஒவ்வொரு விளையாட்டையும் தங்கள் ஆட்களை வைத்துச் சோதித்த பிறகுதான் விற்க விடும். எங்களுடையது திரும்பி வந்தது. சந்தையில் சில வேளை பிள்ளை அழுவதே இல்லை, தேடிப் பிடிக்க முடியவில்லை என்று காரணம் சொல்லியிருந்தார்கள். விளையாட்டின் சொந்தக்காரர்கள் அதற்கு மேலே போய், இன்னொரு முறை திரும்பி வந்தால் வேலையை வேறு ஆட்களிடம் கொடுப்போம் என்று சொல்லிவிட்டார்கள். அப்போது எங்களிடம் இருந்த ஒரே பெரிய வேலை அதுதான். அது போனால் மாடிவீட்டைப் பூட்ட வேண்டியதுதான் என்று மனோகரன் அண்ணை எங்களை எல்லாம் கூப்பிட்டுச் சொன்னார். ஜெசிந்தா தன் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மின்விசிறியை நிற்பாட்டிவிட்டுச் சோதிக்கத் தொடங்கினோம். ஜெசிந்தா விளையாடினாள், பிள்ளை அழுதது, கண்டுபிடித்தாள். நான் விளையாடினேன், கண்டுபிடித்தேன். மனோகரன் அண்ணை விளையாடினார், கண்டுபிடித்தார். ஒபிஸில் இருந்த அத்தனை பேரையும் ஒவ்வொருவராக இருத்திப் பார்த்தார். அத்தனை பேருக்கும் பிள்ளை அழுதது, அத்தனை பேரும் தூக்கினார்கள். எங்களுக்குப் பிழை தெரியவில்லை என்று எழுதி அனுப்பலாமே என்று யாரோ சொன்னார்கள். "அவைக்குக் கேக்கேல்லை எண்டால் கேக்கேல்லைத்தான்" என்று மனோகரன் அண்ணை மெல்லமாகச் சொல்லிவிட்டுத் திரும்பவும் முதலாவது ஆளைக் கூப்பிட்டார். இல்லாத பேயைப் பிடிக்கச் சொன்ன மாதிரி இருந்தது எங்களுக்கு. நாள் போகப் போக ஒருவரோடு ஒருவர் கதைப்பதையும் குறைத்துவிட்டோம். மத்தியானச் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்த்து அப்படியே திரும்பக் கட்டினேன்.

ஒரு பின்னேரம் திரையைப் பார்த்துப் பார்த்துக் கண் எரிந்ததால் ஜெசிந்தா விளையாடுவதை விட்டுவிட்டு அவளுடைய கைகளைப் பார்த்தேன். சந்தையில் பிள்ளையின் கை விடுபட்டவுடன் அவள் தாயை நின்ற இடத்திலேயே ஒரு வட்டம் சுற்ற விட்டாள். சுற்றிக்கொண்டு வரும்போது அழுகை வலது காதில் விழுந்தது, அந்தப் பக்கம் ஓடினாள். யோசித்துச் செய்யவில்லை, கை தானாகச் செய்தது. அடுத்தவரைப் பார்த்தேன், அவரும் சுற்றினார். நானும் அப்படித்தான் சுற்றியிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. ஒரு காதால் கேட்கிற ஆட்கள் சுற்றித்தானே ஆக வேண்டும்.

அந்த நேரம் வேலைக்குப் புதிதாய்ச் சேர்ந்திருந்தவள் துவாரகா. சண்டையைக் காணாத பிள்ளை. அவளும் வலது காதில் மட்டும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு இருந்தாள். உமக்கு என்ன வந்தது, ஏன் இப்படிப் போடுகிறீர் என்று கேட்டேன்.

"நீங்கள் எல்லாரும் அப்பிடித்தானே அக்கா போடுறியள்? உதுதான் ஒபிஸ் முறையெண்டு நினைச்சன்."

சிரிப்பு வந்துவிட்டது. சிரித்து முடிக்காமலே எழும்பிப் போய், இந்த ஒபிஸில் இந்த விளையாட்டை இரண்டு காதாலும் கேட்ட ஒரு சீவன் இல்லை என்று மனோகரன் அண்ணையிடம் சொன்னேன். அவர் தன் கழுத்தில் கிடந்த ஹெட்போனைக் கழற்றி, முதல் முறை காண்கிற சாமானைப் போல் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, ஒலி உம்முடைய பகுதி, சவுண்ட் ரூமுக்குள் போய் இரண்டு காதிலும் போட்டுக் கேளும், நானும் வாறன் என்றார்.

சவுண்ட் ரூம் என்பது பின்பக்கம் இருந்த ஒரு சின்ன அறை. யன்னல் கிடையாது. வெளிச்சத்தம் வராமல் இருக்கச் சுவரெல்லாம் தென்னந்தும்பு மெத்தை அடித்திருந்தோம். நான் கதவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு கொன்சோலைக் கையில் எடுத்தேன். வலது காதில் போட்டேன். இடது பக்கத்தை இழுத்தேன், கை காதுவரை வந்து நின்றுவிட்டது. இன்னொரு முறை இழுத்தேன், நின்றுவிட்டது. ஹெட்போன் பழுது என்று சொன்னேன். அவர் வாங்கி, ஒரு காதில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். வடிவாய் வேலை செய்கிறது என்றார். நான் சொன்னது பொய் என்று அவர் கண்டுவிட்டார் என்பது எனக்குத் தெரிந்தது. கொழும்புக் கிளை நினைவுக்கு வந்தது, ஜெசிந்தாவின் பிள்ளைகள் நினைவுக்கு வந்தார்கள்.

"எனக்கு ஏலாது அண்ணை. பயமாக் கிடக்கு."

அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். "சரி, நான் கதவடியிலை நிக்கிறன். வெளியிலை ஏதும் கேட்டால் உம்மடை தோளிலை தட்டுவன். நீர் பயப்பிடாமல் போடும்" என்றார்.

அவர் நல்ல மனதோடு சொன்ன சொல்தான், எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்துவிட்டது. "நிக்க வேண்டாம்" என்றேன். என் குரல் எனக்கே பிடிபடவில்லை. "கதவடியிலை ஒருத்தரும் நிக்க வேண்டாம் அண்ணை."

அதுவரை யாருக்கும் சொல்லாததை அன்று அந்த அறைக்குள் அவருக்குச் சொன்னேன். அப்பாவின் கடைக்குப் பக்கத்தில் தையல் கடை வைத்திருந்தவர் சின்னராசா அண்ணை. ஒரு நாள் அப்பா வெளியே போயிருந்தார். நான் ஒரு ரேப் ரெக்கோடரைத் திருத்திவிட்டு, இரைச்சல் போய்விட்டதா என்று பார்க்கப் பெரிய ஹெட்போன் ஒன்றை இரண்டு காதிலும் போட்டுக்கொண்டு, கதவுக்கு முதுகைக் காட்டி இருந்தேன். குத்துச் சத்தம் தெரு முழுக்கக் கேட்டிருக்கிறது, எனக்குக் கேட்கவில்லை. எல்லோரும் பங்கருக்குள் இறங்கிவிட்டார்கள். நான் இல்லை என்று கண்டவர் சின்னராசா அண்ணை. திரும்பி ஓடி வந்து, கடை வாசலில் நின்று என்னைக் கூப்பிட்டிருக்கிறார். ஷெல் தெருவில் விழுந்தது. நெஞ்சில் அறைந்த மாதிரி ஒரு அதிர்வு வந்த பிறகுதான் நான் திரும்பிப் பார்த்தேன். அவர் வாசற்படிக்குக் குறுக்கே கிடந்தார். என்ன சொல்லிக் கூப்பிட்டார் என்றுகூட எனக்குத் தெரியாது. "பிள்ளை" என்றுதான் கூப்பிட்டிருப்பார், எப்போதும் அப்படித்தான் கூப்பிடுவார்.

மனோகரன் அண்ணை கேட்டு முடித்தார். வெளியே போனார். சரி, எல்லாம் முடிந்தது, கொழும்புக்குத்தான் போன் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். முன்னறையிலிருந்து ஒரு கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்தார். கதவைப் பாதி திறந்து, உட்பக்கமாக, நான் பார்க்கக்கூடிய இடத்தில் அதைப் போட்டார். என் கதிரையையும் கதவைப் பார்க்கத் திருப்பிவிட்டார். பிறகு இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்துக்கொண்டு அதில் அமர்ந்தார்.

"நான் நிக்கேல்லை. இருக்கிறன். என்னைப் பாத்துக்கொண்டு இனிப் போடும்."

போட்டேன். சுவரின் தும்பு மெத்தையும் சேர்ந்ததில் உலகத்தின் சத்தம் சட்டென்று செத்துப்போனது. என் இரத்தம் ஓடுகிற சத்தம் எனக்குக் கேட்டது. கழற்றி எறியக் கை பரபரத்தது. மனோகரன் அண்ணை வெளியே காது கொடுத்துவிட்டு, ஒன்றுமில்லை என்று மெல்லத் தலையை அசைத்தார். விளையாட்டைத் தொடங்கினேன். சந்தை இரைந்தது. விளையாட்டுக்குள் தூரத்தில் குத்துச் சத்தம் கேட்டது. அது விளையாட்டு என்று தெரிந்தும் என் உடம்பு கதிரையை விட்டு எழும்பிவிட்டது. அவர் உள்ளங்கையைக் காட்டி இருக்கச் சொன்னார். இருந்தேன். ஷெல் விழுந்தது, சனம் ஓடியது, பிள்ளையின் கை நழுவியது. சுற்றாதே, சுற்றாதே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, தாயை அசையாமல் நிற்க வைத்துக் கேட்டேன்.

இடது பக்கம் ஒன்றுமே இல்லை. சனக் கூச்சல் இருந்தது, பிள்ளை இல்லை. பயத்தில்தான் எனக்குக் கேட்கவில்லை என்று முதலில் நினைத்தேன். தாயைக் கொஞ்சம் திருப்பினேன், அழுகை வந்தது. பழையபடி திருப்பினேன், அழுகை செத்துவிட்டது. திரும்பவும் செய்து பார்த்தேன், அதே மாதிரி. இடப்பக்க ஒழுங்கையில் நின்று அந்தப் பிள்ளை இத்தனை நாளும் சத்தமே வராமல் அழுதுகொண்டிருந்திருக்கிறது.

ஹெட்போனைக் கழற்றிவிட்டு இரண்டு பேரும் ஓடிப்போய் நாங்கள் எழுதின கணக்கைத் திறந்து பார்த்தோம். காதில் கேட்காத சத்தத்தை வெட்டு என்று எழுதியிருந்தோம் அல்லவா, எழுதும்போது எந்தக் காது என்று இரண்டு பேருமே கேட்கவில்லை. எங்களுக்கு வேலைக்கான காது வலது காது, ஆகவே வலது காதுக்குத்தான் கணக்குப் போட்டிருந்தோம். சந்தை இரைச்சலில் இடம் போதாமல் போகும்போது, இடப்பக்கம் மட்டும் கேட்கிற சத்தங்களை எல்லாம் கேட்காத சத்தம் என்று கருவி வெட்டிவிட்டது. உலகத்தில் வேறெங்கும் ஒருவரும் இந்தப் பிழையை விட்டிருக்க மாட்டார்கள். இரண்டு காதுக்கும் கணக்குப் போட்டு, எதில் கூடக் கேட்கிறதோ அதை எடுக்கச் சொல்லி மாற்றினோம். கருவி மறுபடி திணறியது. வானத்தில் பறந்துகொண்டிருந்த காகங்களை இறக்கிவிட்டுச் சமாளித்தோம்.

ஆனால் ஒருவர் கேட்டால் போதாதே, அவருடைய முறையும் இருக்கிறதே. "இனி என்ரை முறை" என்று சொல்லி அவர் என் இடத்தில் போய் இருந்தார். நான் கதவடிக் கதிரையில் இருந்தேன். அவர் வலது பக்கத்தைப் போட்டார். இடது பக்கத்தைக் கையில் பிடித்தபடியே கனநேரம் இருந்தார். அவருக்கும் பயம் இருக்கும் என்று அந்த நிமிசம்வரை எனக்குத் தோன்றவே இல்லை. எங்களுக்கெல்லாம் பயத்தைக் கொடுக்கிறவருக்குள் அது எங்கே இருக்கப் போகிறது என்று நினைத்திருந்தேன். மேல் உதடு வேர்த்திருந்தது. கண்ணை மூடிக்கொண்டு இடது காதையும் மூடினார்.

நான் வெளியே காது கொடுத்தேன். புகையிலைத் தோட்டத்தில் தண்ணீர் இறைப்பு மெசின் ஓடிக்கொண்டிருந்தது. ஒழுங்கையால் ஒரு ஓட்டோ போனது. யாரோ ஒரு வீட்டில் கிரைண்டர் போட்டார்கள். வாழ்நாளில் நான் அவ்வளவு கவனமாக எதையும் கேட்டதில்லை. காது இரண்டும் மூடியிருந்ததால் தன் குரல் அவருக்குத் தெரியவில்லை, எங்கள் மனோகரன் அண்ணை, பக்கத்து மேசைக்குக் கேட்காமல் கதைக்கிற மனுசன், கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து முழு ஒபிஸும் அதிரக் கத்தினார்.

"பவானி, வெளியிலை ஏதும் கேக்குதோ?"

இல்லை என்று நான் தலையை ஆட்டினேன். அது அவருக்குப் போதவில்லை. வாயால் சொல்லும் என்று கத்தினார். அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும் நானும் கத்தினேன்.

"ஒண்டுமில்லை அண்ணை! ஒண்டுமில்லை!"

என் வாயைப் பார்த்துச் சொல்லைப் பிடித்துக்கொண்டார். பிறகுதான் விளையாடினார். என்னவோ ஏதோ என்று ஓடி வந்த ஜெசிந்தாவும் மற்றவர்களும் கதவுக்கு வெளியே சத்தமில்லாமல் நின்றார்கள். அவர் தாயைச் சுற்ற விடாமல், அசையாமல் நிற்க வைத்து, இடப்பக்க ஒழுங்கைக்குள் நேரே ஓடிப் பிள்ளையைத் தூக்கினார். ஹெட்போனைக் கழற்றாமலே கொஞ்ச நேரம் இருந்தார். கண்ணால் வழிந்ததைத் துடைக்கவும் இல்லை. அதன் பிறகு ஜெசிந்தா இருந்தாள், அவளுக்கும் நான்தான் கதவடியில் இருந்தேன்.

விளையாட்டு ஏற்கப்பட்டது, ஒபிஸ் பிழைத்தது. அன்றிலிருந்து எங்களில் யார் அந்த அறைக்குள் இரண்டு காதையும் மூடிக்கொண்டு இருந்தாலும், இன்னொருவர் கேட்காமலே வந்து அந்தக் கதிரையில் இருப்போம். எதற்கு என்று ஒருவரும் கதைப்பதில்லை. துவாரகாவுக்குப் பிறகு மற்றப் பிள்ளைகள் நீங்கள் வந்தீர்கள். இரண்டு காதிலும் மாட்டிக்கொண்டு, கதவையும் இறுக்கிச் சாத்திக்கொண்டு, தலையை ஆட்டி ஆட்டி வேலை செய்தீர்கள். முதலில் உங்களைப் பார்க்கவே எனக்கு நெஞ்சு திக்கென்றது. பிறகு பொறாமையாக இருந்தது.

துவாரகாவுக்கு உடனே பதில் சொல்லாமல் மனோகரன் அண்ணைக்குத்தான் முதலில் போன் எடுத்தேன். அவர் இப்போது மகளோடு ஒரு குளிர் தேசத்தில் இருக்கிறார். கதிரையை எடுக்கப் போகிறார்களாம் என்றேன்.

"அந்தப் பிள்ளையளுக்குப் பயமில்லையே?"

"இல்லை அண்ணை. ரெண்டு காதையும் மூடிக்கொண்டு கதவையும் பூட்டிப் போட்டு இருக்குதுகள்."

"அப்ப எடுக்கட்டும்" என்றார். சரி என்று நான் போனை வைக்கப் போனேன். "எடுக்கேக்கை நீர் ஒருக்கால் போய்க் கதவடியிலை நில்லும்" என்றார்.

துவாரகா, கதிரையை எடும். எந்த நாள் என்று மட்டும் முதலே சொல்லும். ஒருத்தரும் நிற்க வேண்டாம் என்று நான் சொன்ன அந்தக் கதவடியில் நானே வந்து நிற்கிறேன்.